ஐடலில் நின்று போகும் டீசல் பிக்கப்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றி லிந்தாங் பக்கமும் லாசா பக்கமும் செம்பனைத் தோட்டங்களில் ஓடும் பிக்கப்புகள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வருகின்றன. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், நவாரா என்று எதுவாக இருந்தாலும் ஒரு புகார் மாறாமல் வரும்: ஆக்சிலரேட்டரில் கால் இருக்கும்வரை ஓடுகிறது, காலை எடுத்தால் நின்று போகிறது. காலை எடுத்ததும் இஞ்சின் மெதுவாகச் சுற்றும் நிலையைத்தான் ஐடல் என்கிறோம். சிலர் வரும்போதே "பம்ப் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்று முடிவோடு வருகிறார்கள். பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்). ஃபில்டரும் ஹோஸ் கிளிப்பும் நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். கோளாறு இன்னதென்று தெரியாமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள். அதற்காகத்தான் வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பாரத்தோடு மேடு ஏறுகிற வண்டி, சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏன் ஆஃப் ஆகிறது?

டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. இஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதை உள்ளே தெளிக்கப்படும் டீசலின் அளவு தீர்மானிக்கிறது. சூடான இஞ்சின் ஐடலில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 முதல் 850 சுற்று சுற்றும். அப்போது இன்ஜெக்டர் ஒவ்வொரு தடவையும் தெளிப்பது சில கன மில்லிமீட்டர் டீசல்தான். பாரம் இழுக்கும்போது தெளிக்கும் அளவு அதைப்போலப் பல மடங்கு.

சில கன மில்லிமீட்டரில் ஒரு சின்னக் காற்றுக் குமிழியோ ஒரு துளித் தண்ணீரோ கலந்தால் அந்தச் சுற்றில் எரிய ஒன்றும் மிஞ்சாது. சுற்றும் மெதுவாக இருப்பதால் அடுத்த சுற்றுவரை இஞ்சினைத் தள்ளிக்கொண்டு போகும் வேகமும் இருக்காது. அதனால் நின்றுவிடுகிறது. "மேட்டில் நன்றாக இழுக்கிறதே, டீசல் பக்கம் கோளாறு இருக்காது" என்று நினைக்கத் தோன்றும். அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள்.

சரி, முதலில் எதைப் பார்ப்பது?

டீசல் ஃபில்டர். வேறு எதைச் சந்தேகப்பட்டாலும் ஃபில்டரைப் பார்க்காமல் அடுத்த இடத்துக்குப் போக வேண்டாம்.

சுத்தமான, நிறமில்லாத குடிநீர் பாட்டில் ஒன்றை நன்றாகக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை ராத்திரி முழுக்க அசைக்காமல் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஃபில்டருக்கு அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்துங்கள். பெரும்பாலான வண்டிகளில் மேலே ஒரு கைப்பம்ப் இருக்கும். அதை அழுத்தினால் டீசல் வரும். அரை பாட்டில் பிடித்து ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள்.

நல்ல டீசல் வெளிர் மஞ்சளாக, மறுபக்கம் பார்க்கும்படி தெளிவாக இருக்கும். தண்ணீர் இருந்தால் கனம் அதிகம் என்பதால் அடியில் தனியாகத் தங்கும். நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை ஒட்டிக் கறுப்பாக, பாசி மாதிரி வழவழப்பாக ஏதாவது மிதந்தால், உங்கள் தாங்கியில் கிருமி வளர ஆரம்பித்துவிட்டது. டீசலும் தண்ணீரும் சேரும் எல்லையில்தான் அது வாழும். அந்த நிலையில் ஃபில்டரை மட்டும் மாற்றினால் ஒரு வாரத்தில் மறுபடி அடைத்துக்கொள்ளும். தாங்கியை இறக்கிக் கழுவத்தான் வேண்டும்.

டேஷ்போர்டில் ஃபில்டர் விளக்கு எரியவில்லையே என்று சிலர் கேட்பார்கள். அந்த சென்சார் தண்ணீர் ஓர் அளவுக்குச் சேர்ந்தபிறகுதான் காட்டும். ஃபில்டர் அழுக்கில் அடைத்திருப்பதை எல்லா வண்டியும் காட்டாது. மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு நல்ல சாலைக்கு உரியது. செம்மண் தூசியில் ஓடும் வண்டிக்கு நான் 10,000 கிலோமீட்டருக்கு மேல் விடுவதில்லை.

தோட்டத்து ஸ்டோரில் டிரம்மில் இருந்து டீசல் பிடிக்கிறோம். அதில் தண்ணீர் எப்படி வரும்? மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது?

இறுக்கமாக இருந்தாலும் வரும். டிரம்மை நிமிர்த்தி வெட்டவெளியில் வைத்திருந்தால், மத்தியான மழை மேல்தட்டில் குளம்போலத் தேங்கி நிற்கும். மூடியும் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. பகலில் வெயிலில் சூடாகி உள்ளே காற்று விரிகிறது, கொஞ்சம் வெளியேறுகிறது. மாலை மழையிலும் இரவிலும் டிரம் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, மூடியின் மரை வழியாக வெளியில் தேங்கிய தண்ணீரை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு நாளில் சில துளிதான். மழைக்காலம் முடிவதற்குள் அடியில் நன்றாகச் சேர்ந்துவிடும். பாதி காலியான டிரம்மில், உள்ளே இருக்கும் காற்றின் ஈரமும் சுவரில் வேர்த்து இறங்கும்.

கூரைக்குக் கீழே வைப்பதுதான் முதல் வேலை. இடமில்லை என்றால் டிரம்மைப் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், கடிகாரத்தின் மூன்று மணிக்கும் ஒன்பது மணிக்கும் நேராக வரும்படி திருப்பி வையுங்கள். அப்போது இரண்டு மூடியும் உள்ளே டீசலில் மூழ்கியிருக்கும், மேலே தண்ணீரும் தேங்காது. கைப்பம்பின் குழாய் டிரம்மின் அடியைத் தொடக் கூடாது. நான்கு விரல்கடை மேலே நிற்கட்டும். லோரி வந்து புது டிரம் இறக்கிய அன்றே அதிலிருந்து பிடிக்காதீர்கள். ஒரு நாள் அடங்கட்டும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியில் இருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. சிறுதோட்டக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று எனக்குத் தெரியும். அரசாங்கத்தின் 'புடி' ரொக்க உதவிக்குத் தகுதி உள்ளவர்கள் அதை விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் யாரோ மலிவாகக் கொண்டுவந்து தரும் டீசலை மட்டும் ஊற்றாதீர்கள். பொரித்த எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த டீசலால் பம்ப் தேய்ந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். லிட்டருக்கு மிச்சம் பிடித்த காசைப்போல் பல மடங்கு அங்கே போய்விடும்.

பி10 டீசல்தான் காரணம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பி10 என்றால் நூற்றில் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயில் இருந்து செய்த பயோடீசல். 2019 முதல் நம் எண்ணெய் நிலையங்களில் இருக்கிறது. அது சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுத்துக்கொள்ளும். பழைய தாங்கியின் சுவரில் வருஷக்கணக்கில் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும் குணமும் உண்டு. தினமும் ஓடி வாரந்தோறும் டீசல் அடிக்கும் வண்டிக்கு இதனால் தொல்லை வராது. இரண்டு மூன்று மாதம் சும்மா நிற்கும் வண்டிக்கு வரும். அப்படி நிறுத்தப் போகிறீர்கள் என்றால் தாங்கியை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் வேர்வைக்கும் இடம் இல்லை.

அண்ணே, காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிஷம் ஓடி நின்று போகிறது. மறுபடி ரொம்ப நேரம் சுற்றினால்தான் பிடிக்கிறது. அப்புறம் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. என்னவாக இருக்கும்?

காற்று புகுகிறது, தம்பி. தாங்கியில் இருந்து பம்ப்வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பாதையில் எங்காவது சின்ன விரிசல் இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கீழே ஈரம் தேடிப் பயனில்லை. ராத்திரியில் காற்று புகுந்து, குழாயில் இருந்த டீசல் தாங்கிக்கே திரும்பிவிடுகிறது. காலையில் ஃபில்டரில் மிஞ்சியதை வைத்து ஒரு நிமிஷம் ஓடி, காற்று வந்ததும் நிற்கிறது.

ஒரு செலவில்லாத சோதனை: இன்று ராத்திரி வண்டியின் மூக்கு கீழே பார்க்கும்படி சரிவில் நிறுத்து. நாளை ராத்திரி மூக்கு மேலே பார்க்க நிறுத்து. மூக்கு கீழே இருந்த காலையில் சுலபமாகப் பிடித்து, மேலே இருந்த காலையில் அடம்பிடித்தால் காற்றுதான் என்று உறுதி.

எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்க, ஃபில்டரில் இருந்து பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் டீசல் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் போட்டு இஞ்சினை ஓடவிடு. குமிழி தெரிந்தால் குழாயை ஃபில்டருக்கு முன்பக்கம் மாற்றிப் பார். அங்கே குமிழி இல்லையென்றால் ஃபில்டரும் அதன் கைப்பம்பும்தான் குற்றவாளி. அங்கேயும் குமிழி இருந்தால் இன்னும் பின்னால், தாங்கிவரை. நான் அதிகம் பார்ப்பது மூன்று இடம்: கைப்பம்பின் ரப்பர், ஃபில்டர் மாற்றியபோது சரியாக உட்காராத ஓ-ரிங் (ரப்பர் வளையம்), சேசிஸ் ஓரமாகப் போகும் இரும்புக் குழாய் கிளிப்புக்கு அடியில் துருப்பிடித்த இடம். மூன்றாவது லேசில் கண்ணில் படாது. கிளிப்பை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். தோட்டத்தில் உரம் ஏற்றும் வண்டிகளில் அந்தத் துரு சீக்கிரம் வரும்.

இதற்கு நேர் எதிராக, அரை மணி நேரம் ஓடிய பிறகு நின்று போகிறது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது.

இரண்டு காரணங்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், பிரித்துப் பார்க்க வேண்டும்.

தாங்கிக்குள் உறிஞ்சு குழாயின் முனையில் உள்ள வலையை அழுக்கு அடைத்தால், ஓட ஓட அழுக்கு இழுபட்டு வந்து ஒட்டும், இஞ்சின் நின்றதும் மெல்லக் கீழே விழும். மறுபடி ஓடும். இதில் நிற்பதற்கு முன் வண்டி சக்தி குறைந்து திணறும். தாங்கி மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், காற்றுத் துளையும் சேறு அடைத்திருக்கிறது. உறுதி செய்ய, ஒரு சுத்தமான டின்னில் டீசல் வைத்து, ஃபில்டருக்குப் போகும் ஹோஸையும் மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸையும் அதில் விட்டு ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடினால் கோளாறு தாங்கி பக்கம்.

இரண்டாவது, இஞ்சின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். சூடேறினால் அதன் சிக்னல் அறுந்துவிடும், ஆறினால் திரும்பி வரும். இதில் திணறல் இருக்காது, சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். மறுபடி ஸ்டார்ட்டர் சுற்றும்போது, இஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில், சென்சார் வேலை செய்தால் முள் கொஞ்சமாவது அசையும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0335 என்ற கோளாறுக் கோட் காட்டினால், அந்த சென்சாரையும் அதன் கம்பியையும் பாருங்கள்.

எஸ்சிவி என்கிறார்களே, அது என்ன? அதை மாற்றினால் சரியாகிவிடுமா?

காமன் ரயில் இஞ்சின் (உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயில் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுப்பது) உள்ள பிக்கப்புகளில், அதாவது 2000களின் நடுவில் இருந்து நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில், ஐடலில் நின்று போவதற்கு மிகப் பெரிய காரணங்களில் இது ஒன்று. உயர் அழுத்தப் பம்பின் மேல் விரல் நீளத்தில் இரண்டு திருகால் பிடிக்கப்பட்டிருக்கும் மின்வால்வுதான் எஸ்சிவி. பம்புக்குள் எவ்வளவு டீசல் நுழைய வேண்டும் என்பதை இஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவின் சொல்படி திறந்து மூடி அளக்கிறது. உள்ளே இருக்கும் சின்ன உருளைக்கும் அது ஓடும் துளைக்கும் இடைவெளி மிகக் குறைவு. நுண்ணிய அழுக்கோ டீசல் பிசினோ படிந்தால் ஒட்டிக்கொள்ளும். வேகமாக ஓடும்போது வால்வு அகலமாகத் திறந்திருப்பதால் ஒட்டல் தெரியாது. காலை எடுத்ததும் ஈசியூ அதைக் கொஞ்சமாக மூடச் சொல்கிறது. அது கேட்காமல் ஒட்டி நின்று, பிறகு திடீரென்று அதிகமாக மூடிவிடுகிறது.

அடையாளம் இதுதான்: ஐடலில் ஆர்பிஎம் ஏறி இறங்கி ஆடும். சந்திக்கு வந்து காலை எடுத்ததும் நிற்கும். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஸ்கேனரை மாட்டி, இஞ்சின் சூடான பிறகு ரயில் அழுத்தத்தைப் பாருங்கள். ஐடலில் வண்டியைப் பொறுத்து ஏறக்குறைய 250 முதல் 400 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்கும். ஈசியூ கேட்கும் அழுத்தம் ஒரு நேர்கோடாக இருக்க, உண்மையான அழுத்தம் அதைச் சுற்றி மேலும் கீழும் அலைந்தால் எஸ்சிவிமேல் சந்தேகம் வலுக்கிறது. அழுத்தம் அலையாமல் தொடர்ந்து குறைவாகவே இருந்தால், அதற்கான பி0087 கோட் வந்தால், ஃபில்டருக்கும் காற்றுக்கும் திரும்பிப் போங்கள். கெட்ட டீசல் ஓடும் வண்டியில் புது எஸ்சிவி போட்டாலும் அதுவும் ஒட்டத்தான் செய்யும்.

மாற்றும்போது பம்பைச் சுற்றி நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே திருகைத் தொடுங்கள். திறந்த துளைக்குள் ஒரு மணல் துகள் விழுந்தால் பம்ப் போய்விடும். ஓ-ரிங்கைச் சுத்தமான டீசலில் நனைத்துச் செருகுங்கள். பிறகு, பல வண்டிகளில் பம்பின் அளவை ஈசியூ புதிதாகக் கற்றுக்கொள்ள ஸ்கேனர் மூலம் ஒரு வேலை செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் கொடுத்துவிட்டு, "புது வால்வும் சரியில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. போலி வால்வும் சந்தையில் நிறைய உண்டு. பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள்.

கறுப்புப் புகை வருகிறது, ஐடலில் குலுங்கி நிற்கிறது.

ஈஜிஆர் வால்வைப் பாருங்கள். எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்புவது அதன் வேலை. கரி படிந்து திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் ஐடலில் சுத்தமான காற்று குறைந்து இஞ்சின் மூச்சுத் திணறும். அதே இடத்தில் காற்றை மூடும் தகடு சில வண்டிகளில் இருக்கும். அதுவும் கரியில் ஒட்டும். கழற்றிக் கழுவினாலே பல வண்டிகள் சரியாகின்றன. ஈஜிஆர் வழியைத் தகடு வைத்து நிரந்தரமாக அடைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்ததை அடைப்பது சரியல்ல. புது வண்டிகளில் இஞ்சின் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும்.

ஏசி போட்டால் மட்டும் நிற்கிறதே?

ஏசி கம்ப்ரஸர் ஒரு சுமை. இஞ்சின் ஏற்கெனவே பலவீனமாக இருப்பதை அது காட்டிக்கொடுக்கிறது. மேலே சொன்னவற்றைப் பாருங்கள். பழைய வண்டி என்றால் ஏசிக்காக ஐடலைத் தூக்கிவிடும் வேக்குவம் ஹோஸ் கிழிந்திருக்கும்.

எங்களுடையது கம்ப்யூட்டர் இல்லாத பழைய ஹைலக்ஸ். ஐடல் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதாதா?

நிற்காமல் ஓடும், கோளாறு அப்படியே இருக்கும். முதலில் பம்பின் மேல் உள்ள டீசல் நிறுத்தும் சோலனாய்டைப் பாருங்கள். ஒரே ஒரு கம்பி அதற்குப் போகும். அதன் முனை தளர்ந்தால் ஐடல் குலுக்கலில் தொடர்பு விட்டுவிட்டு வரும், இஞ்சின் நிற்கும். அடுத்து இன்ஜெக்டர்களுக்கு இடையில் ஓடும் துணி சுற்றிய சின்ன ரிட்டர்ன் ஹோஸ்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள், விலை மிகக் குறைவு. இவையும் ஃபில்டரும் சரியான பிறகும் ஐடல் குறைவாக இருந்தால் ஸ்க்ரூவைத் தொடலாம்.

கம்பியை எலி கடித்து இப்படி ஆகுமா?

ஆகும். செம்பனைத் தோட்டத்தில் எலி எவ்வளவு என்று சொல்லவே வேண்டாம். அதற்காகத்தான் பல தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள். வீட்டோரம் நிற்கும் வண்டியின் சூடான இஞ்சினுக்குள் ராத்திரியில் எலி வந்துவிடும். பானெட்டைத் திறந்ததும் பேட்டரித் தட்டைப் பாருங்கள். ஆரஞ்சு நார் ஒட்டிய, பாதி கடித்த செம்பனைப் பழம் அங்கே கிடந்தால், இன்ஜெக்டர், சென்சார் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். முழுக்க அறுந்தது உடனே தெரியும். தோல் போய் இரண்டு இழையில் தொங்கும் கம்பிதான் ஐடல் குலுக்கலில் மட்டும் தகராறு செய்யும். இஞ்சின் ஓடும்போது மரக்குச்சியால் கம்பிக்கட்டை லேசாக அசைத்துப் பாருங்கள், மின்விசிறியிடம் கை போகாமல்.

இன்ஜெக்டர் நான்கும் போய்விட்டது என்று ஃபோமன் (பட்டறை மெக்கானிக்) சொல்கிறார். நம்பலாமா?

ரிட்டர்ன் அளவை, அதாவது இன்ஜெக்டரில் இருந்து திரும்பி வரும் டீசலின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் ஒரு சின்ன பாட்டில் மாட்டி, ஒரே நேரம் ஓட்டி, நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாக நிரம்பினால் அந்த ஒன்றுதான் கெட்டது. நல்ல ஃபோமன் இதைக் காட்டத் தயங்க மாட்டார். ஆயில் அளவுக் கம்பியையும் இழுத்துப் பாருங்கள். ஆயில் கூடியிருந்து டீசல் வாடை அடித்தால் ஓர் இன்ஜெக்டர் உள்ளே ஒழுகுகிறது. அந்த ஆயிலோடு ஓட்டாதீர்கள், பேரிங் தேயும்.

காற்றை வெளியேற்ற, அந்தக் காலத்தில் செய்த மாதிரி இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தலாமா?

காமன் ரயில் வண்டியில் கூடவே கூடாது. அந்தப் பைப்பில் 1,600 பாருக்கு மேலும் அழுத்தம் ஏறும். நூல்போல வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும். அப்படி ஆனால் வீட்டில் மருந்து போட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். தாமதித்தால் விரலை இழக்க நேரும். காற்றை ஃபில்டரின் கைப்பம்பால், கெட்டியாகும்வரை அழுத்தியே வெளியேற்றுங்கள்.

பாரத்தோடு இறக்கத்தில் நின்று போனால்?

பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். ஸ்டீயரிங் கனக்கும், திரும்பாமல் போகாது. ஓடும்போது சாவியை வெளியே எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நின்றதும் ஹேண்ட்பிரேக், பிறகு டயருக்குக் கல். நின்று போகும் பழக்கம் உள்ள வண்டியை, சரிசெய்யும்வரை வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் மெனோரா சுரங்கப்பாதைச் சரிவு வழியாக ஈப்போவுக்கு எடுத்துப் போகாதீர்கள். கனரக லோரிகள் பின்னால் வரும் இடம் அது.

தவறிப் பெட்ரோல் அடித்துவிட்டோம், ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். இழுத்து வந்து தாங்கியை வடியுங்கள்.

பட்டறைக்கு வரும்போது என்ன சொன்னால் உங்களுக்கு வேலை சுலபம்?

குளிர்ந்த இஞ்சினிலா சூட்டிலா, பட்டென்று நின்றதா திணறி நின்றதா, மறுபடி உடனே ஸ்டார்ட் ஆனதா, ஆர்பிஎம் முள் என்ன செய்தது, கடைசியாக டீசல் எங்கே பிடித்தீர்கள், ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள். தோட்டத்து வண்டி என்றால் தினமும் ஓட்டுகிற டிரைவரையே அனுப்புங்கள், கிராணி (தோட்டத்து எழுத்தர்) எழுதிக் கொடுத்த சீட்டில் இதெல்லாம் இருக்காது. வருவதற்கு முன் ஃபில்டரில் பிடித்த அந்த பாட்டிலையும் மூடிக் கையோடு கொண்டுவாருங்கள். ஸ்கேனரில் கோளாறுக் கோட் இருந்தால் அழிக்காமல் வாருங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அதுவும் அழிந்துவிடலாம்.